எழுத்தைத் தரையிலிருந்து தூக்கும் நிழல்

கணினித் திரையில் ஒரு பெட்டி தெரிகிறது. அதற்குள் ஒரு பந்து. பெட்டியின் இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலையை நோக்கிப் பந்து சாய்வாக நகர்கிறது. நிழலும் அதை ஒட்டியே நகர்ந்தால், பந்து தரையிலேயே உருண்டு பின்னால் போவதாகப் பார்ப்பவருக்குத் தெரியும். இப்போது நிழலை மட்டும் மாற்றி, தரையின் முன்விளிம்பு ஓரமாகக் கிடைமட்டத்தில் நகரவிடுங்கள். பந்து அந்தரத்தில் ஏறத் தொடங்கிவிடும்! பந்தின் பாதை அதேதான், வேகமும் அளவும் அதேதான். டேனியல் கெர்ஸ்டன், பாஸ்கல் மமாசியன், டேவிட் நில் ஆகிய மூவரும் இந்தச் சோதனையை 1997-ல் ‘பெர்செப்ஷன்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். பந்து எங்கே இருக்கிறது என்பதை மூளை பந்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. அதன் நிழல் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்தது.

ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ ஒரு தலைப்பைத் தட்டச்சு செய்துவிட்டு ‘டிராப் ஷேடோ’வைத் தட்டும்போது நடப்பதும் இதுவே. எழுத்தின் ஒரு பிக்சல்கூட மாறுவதில்லை. அதன் கீழே, சற்றுத் தள்ளி, கொஞ்சம் இருள் சேர்கிறது. உடனே எழுத்து தாளை விட்டு எழும்பி நிற்கிறது. திருமணப் பத்திரிகையிலிருந்து சினிமா போஸ்டர் வரை, யூடியூப் முகப்புப் படத்திலிருந்து கட்சி பேனர் வரை தினமும் கண்ணில் படும் இந்த வித்தைக்குப் பின்னால் ஒளியியலும் நரம்பியலும் புள்ளியியலும் ஒன்றாக வேலை செய்கின்றன. ‘டிராப் ஷேடோ’ ஜன்னலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. அது தெரியாமல் எண்களை இழுத்து இழுத்துப் பார்க்கும்போதுதான் நிழல் எழுத்துக்குத் துணையாக இல்லாமல் அழுக்காக மாறிவிடுகிறது.

வெளிச்சம் மேலிருந்து வருகிறது

நிழலுக்கு முதலில் வேண்டியது ஒரு விளக்கு. மென்பொருளில் விளக்கு கிடையாது. ‘ஆங்கிள்’ என்ற ஓர் எண்தான் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பல பதிப்புகளில் அந்த எண் தொடக்கத்திலேயே 120 பாகை என்று வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் மேலிருந்து, சற்று இடப்பக்கமாக வருகிறது என்பது அதன் பொருள். அதனால் நிழல் வலப்பக்கம் கீழே விழும். கிம்ப்பில் கோணத்துக்குப் பதில் வலப்பக்கம் எத்தனை பிக்சல், கீழ்ப்பக்கம் எத்தனை பிக்சல் என்று இரண்டு எண்கள் கேட்கப்படும். அங்கேயும் தொடக்க நிலையில் நிழல் விழுவது வலது கீழ்ப்பக்கமே.

அந்தத் திசை மூளைக்கு மிகவும் பழக்கமானது. கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர், செதுக்கிய முத்திரைகளில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறித் தெரிவதை 1826-லேயே ஆராய்ந்து எழுதினார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருவதாகப் பார்ப்பவர் கருதுகிறார் என்பதில்தான் அந்தக் குழப்பத்துக்கான விடை இருந்தது.

இந்தக் கேள்வியைத் துல்லியமான சோதனைகளாக மாற்றியவர்களில் முக்கியமானவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன். 1988-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையில் இருந்தவை வெறும் வட்டங்கள். சிலவற்றில் மேல்பாதி வெளுப்பாகவும் கீழ்ப்பாதி கறுப்பாகவும் இருக்கும். அவை முட்டை போலப் புடைத்துத் தெரியும். மற்றவற்றில் நிறங்கள் தலைகீழ்; அவை குழியாகத் தெரியும். தாளைத் திருப்பிப் பிடித்தால் முட்டை குழியாகும், குழி முட்டையாகும். இன்னும் வியப்பான விஷயம், குனிந்து கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்தாலும் இந்த மாற்றம் நடக்கும். சூரியன் வானத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் மூளை ‘மேலே’ என்று எடுத்துக்கொள்வது வானத்தை அல்ல, தலையின் உச்சிப் பக்கத்தை. வெளிச்சம் ஒன்றே ஒன்று, அது மேலிருந்து வருகிறது என்ற இரண்டு அனுமானங்களை வைத்துக்கொண்டு பார்வை அமைப்பு தன் கணக்கை முடித்துவிடுகிறது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1998-ல், கால்டெக்கைச் சேர்ந்த ஜெனிஃபர் சன், பியெத்ரோ பெரோனா இருவரும் இன்னொரு நுட்பத்தைக் கண்டார்கள். மேலே என்றால் நேர் மேலே அல்ல. சோதனையில் பங்கேற்றவர்கள் சராசரியாக வெளிச்சம் சற்று இடப்பக்கம் சாய்ந்து வருவதாகவே கருதினார்கள். பழைய ஃபோட்டோஷாப்பின் 120 பாகையும் இடப்பக்கம் சாய்ந்ததுதான். ஒன்றைப் பார்த்து மற்றொன்று வைக்கப்பட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து வரவிடும் ஓவியர்களின் நெடுநாள் வழக்கமும் ஆய்வகத்தின் அளவீடும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது மட்டும் உறுதி.

மென்பொருளுக்கு முன்பே இருந்த நிழல்

எழுத்துக்கு நிழல் கொடுக்கும் ஆசை கணினியோடு பிறந்ததல்ல. லண்டன் எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815-ல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் நிழலிட்ட ஈய எழுத்துகள் இருந்தன. சுவரொட்டி விளம்பரம் பெருகத் தொடங்கிய காலம் அது. தூரத்திலிருந்து வருபவரின் கண்ணை நிறுத்த, எழுத்து பெருத்தது, தடித்தது, பிறகு நிழலும் பெற்றது.

1930-களில் சிகாகோவின் லட்லோ நிறுவனத்துக்காக ஆர். ஹன்டர் மிடில்டன் வடிவமைத்த ‘அம்ப்ரா’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் எழுத்தே கிடையாது! எழுத்தின் நிழல் மட்டும் அச்சாகும். நிழலின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு, இல்லாத எழுத்தை மூளை வெள்ளைத் தாளில் வரைந்துகொள்ளும். இதே விளைவை இன்று ஃபோட்டோஷாப்பில் பத்து வினாடிகளில் பார்க்கலாம். நிழலிட்ட எழுத்து லேயரில் ‘ஒபாசிட்டி’யைத் தொடாமல், ‘ஃபில்’ என்ற எண்ணை மட்டும் 0 ஆக்கினால் போதும். எழுத்தின் நிறம் மறைந்துவிடும், நிழல் அப்படியே நிற்கும். எழுத்து இருந்த இடம் வெறும் தாள்தான். ஆனால் அந்த வெறும் தாள் மேலே எழும்பி நிற்பதாகக் கண் சத்தியம் செய்யும்.

1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷின் திரை 512-க்கு 342 பிக்சல். சாம்பல் நிறம் என்பதே அதற்குக் கிடையாது; ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. அப்படிப்பட்ட கணினியிலும் போல்டு, இட்டாலிக் பாணிகளுக்குப் பக்கத்திலேயே ‘ஷேடோ’ என்ற எழுத்துப் பாணி இடம் பிடித்திருந்தது. பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா வரைகலை நிரல், எழுத்தின் வெளிக்கோட்டை வரைந்து அதன் வலது, கீழ் ஓரங்களைத் தடிப்பாக்கியது. மென்மையான மங்கலுக்கு வழியில்லாத இடத்தில் ஒரு பிக்சல் தடிப்பே நிழலாக நடித்தது. அதுவும் போதுமானதாக இருந்தது.

நான்கு வேலைகள்

இன்றைய டிராப் ஷேடோவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு வேலைகள்தான் இருக்கின்றன: எழுத்தின் வடிவத்தைப் படியெடுப்பது, படியைத் தள்ளி வைப்பது, அதன் ஓரங்களை மங்கலாக்குவது, அதை எழுத்துக்கு அடியில் இருளாகக் கலப்பது. ஒவ்வொன்றும் நிஜ உலகின் ஏதோ ஒன்றை நகல் செய்கிறது.

படியெடுக்க, எழுத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற தகவல் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, அந்தப் பிக்சல் எவ்வளவு மூடியிருக்கிறது என்று குறிக்கலாம் என்பது 1970-களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவருக்கும் தோன்றிய யோசனை. அதுவே ஆல்பா சேனல். லூகாஸ்ஃபிலிமில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-ல் இந்த நான்காவது எண்ணை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் கணக்கை முழுமையாக வகுத்தார்கள். மேல் படத்தின் நிறத்தை அதன் ஆல்பாவால் பெருக்கு; மீதமுள்ள பங்கால் கீழ்ப் படத்தின் நிறத்தைப் பெருக்கு; இரண்டையும் கூட்டு. நிழலின் ஆல்பா 0.75 என்றால் அடியிலுள்ள தாளிலிருந்து கால் பங்கு வெளிச்சம் மட்டும் கண்ணுக்கு வரும். திரைப்படத் துறை இதை எவ்வளவு மதித்தது என்றால், 1996-ல் இந்த நால்வருக்கும் ஆஸ்கர் அகாடமி அறிவியல் தொழில்நுட்ப விருது கொடுத்தது.

கணக்கு இருந்தது, ஆனால் வடிவமைப்பாளர் கைக்கு அது எளிதாக வந்துசேரவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-ல் எழுதத் தொடங்கிய நிரல், அவருடைய தம்பி ஜான் நோலின் துணையோடு வளர்ந்து, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப்பாக வெளிவந்தது. அதில் லேயர்களே இல்லை. ஒரு நிழல் வேண்டுமானால் எழுத்தின் வடிவத்தை ஒரு சேனலில் சேமித்து, அதன் நகலை நகர்த்தி, மங்கலாக்கி, எழுத்து இருக்கும் பகுதியைக் கழித்து, எஞ்சிய தேர்வுக்குள் கறுப்பை நிரப்ப வேண்டும். இந்தச் சேனல் வித்தைகளை விளக்கி, கை க்ரௌஸ் என்பவர் எழுதிய குறிப்புகளை 1990-களின் தொடக்கத்தில் வடிவமைப்பாளர்கள் தேடித் தேடிப் படித்தார்கள். அவ்வளவு பாடுபட்டு நிழலை முடித்த பிறகு வாடிக்கையாளர் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து!

1994-ல் வந்த மூன்றாம் பதிப்பு லேயர்களைக் கொண்டுவந்தது. நிழலுக்கு உண்மையான விடுதலை 1998-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் கிடைத்தது. அதில் எழுத்து, தட்டச்சு செய்த பிறகும் திருத்தக்கூடிய எழுத்தாகவே இருந்தது. நிழல் அதோடு பிணைந்த ஒரு விளைவாக மாறியது. எழுத்தைத் திருத்தினால் நிழலும் தானாகத் திருந்தியது. வரைந்து வைத்த படமாக இருந்த நிழல், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படும் ஒன்றாக ஆனது. இலவச மென்பொருளான கிம்ப், 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில்தான் இந்த வசதியை முழுமையாக எட்டியது. இப்போது அதில் ‘ஃபில்டர்ஸ்’ மெனுவின் ‘லைட் அண்ட் ஷேடோ’ பிரிவிலிருந்து இட்ட நிழலை எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம், அணைத்தும் வைக்கலாம்.

படியைத் தள்ளி வைக்கும் இரண்டாவது வேலையை ‘ஆங்கிள்’ எண்ணோடு பார்த்துவிட்டோம். மூன்றாவது வேலையான மங்கலாக்குதலில்தான் இயற்பியல் அழகாக வெளிப்படுகிறது. நிஜ நிழலின் ஓரம் ஏன் மங்குகிறது? விளக்கு ஒரு புள்ளி அல்ல, அதற்கு அகலம் உண்டு என்பதால். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஏறக்குறைய அரை பாகை அகலம் கொண்டது. ஆகவே ஒரு பொருளின் விளிம்புக்கு அருகே, சூரியனின் ஒரு பங்கு மட்டும் மறையும் பகுதி ஒன்று உருவாகிறது. அங்கே அரைகுறை இருள். அந்தப் பகுதியின் அகலம், பொருளுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தரைக்கு ஒரு மீட்டர் மேலே பிடித்த அட்டையின் நிழல் ஓரம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மங்கும். பத்து மீட்டர் உயரத்தில் கட்டிய பேனரின் நிழல் ஓரம், சூரியன் உச்சியில் இருக்கும்போதே, 9 சென்டிமீட்டர் மங்கும்.

வெளிச்சம் சூரியனிலிருந்து வராமல் ஜன்னலிலிருந்து வந்தால் கதை வேறு. ஒரு மீட்டர் அகல ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மேசை. மேசைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கும் எழுத்தட்டையின் நிழல் ஓரம் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் மங்கிவிடும். வெயிலில் அதே அட்டைக்கு மங்கல் பத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. ஆக, நிழலைத் தள்ளி வைக்கும் ‘டிஸ்டன்ஸ்’ எண், எழுத்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சொல்கிறது. மங்கலின் அளவான ‘சைஸ்’ அதோடு சேர்ந்து விளக்கு எவ்வளவு பெரியது என்றும் சொல்லிவிடுகிறது. மென்பொருள் இந்த இரண்டையும் தனித்தனி இழுப்பான்களாகக் கொடுத்துவிட்டது. இயற்கை அவற்றைப் பிரித்துத் தருவதில்லை. எழுத்தை உயர்த்த விரும்பித் தூரத்தைக் கூட்டுபவர் மங்கலையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் விளக்கு மாறாமல் எழுத்து மட்டும் எழும்பும். தூரத்தை மட்டும் கூட்டினால், அறையின் வெளிச்சம் திடீரென்று நடுப்பகல் வெயிலாக மாறியதுபோல் ஆகிவிடும்.

மங்கலாக்கப் பயன்படும் கணக்குக்குக் கணிதமேதை காஸின் பெயர். ஜெர்மனியின் பழைய 10 மார்க் நோட்டில் அவர் முகத்தோடு சேர்த்து அச்சிட்டிருந்த மணி வடிவ வளைவே இங்கேயும் வேலை செய்கிறது. ஒவ்வொரு பிக்சலும் தன்னைச் சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரியாக மாறும். அருகில் இருப்பவற்றுக்கு அதிக எடை, தள்ளி இருப்பவற்றுக்குக் குறைந்த எடை. சொல்ல எளிது, கணக்கு பெரிது. 1000-க்கு 300 பிக்சல் தலைப்பு ஒன்றில் மொத்தம் மூன்று லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 31-க்கு 31 சதுரத்தில் உள்ள 961 அண்டைப் பிக்சல்களைப் பெருக்கிக் கூட்டினால் 28 கோடியே 83 லட்சம் பெருக்கல்கள். காஸ் வளைவுக்கு ஓர் அபூர்வ குணம் இருக்கிறது. முதலில் கிடைமட்டமாக மட்டும் மங்கலாக்கி, பிறகு செங்குத்தாக மட்டும் மங்கலாக்கினாலும் அதே விடைதான் வரும். அப்போது ஒரு பிக்சலுக்கு 62 பெருக்கல்கள் போதும். மொத்தம் 1 கோடியே 86 லட்சம். இழுப்பானை நகர்த்தும்போதே நிழல் கூடவே மாறுவது இதனால் சாத்தியமாகிறது.

இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. எடை எதுவும் பார்க்காமல், அண்டைப் பிக்சல்களின் சாதாரண சராசரியை எடுத்து, அதையே மூன்று முறை திரும்பச் செய்தால், கிடைப்பது காஸ் மங்கலிலிருந்து ஏறக்குறைய 3 சதவீதமே விலகியிருக்கும். இணைய வரைகலைக்கான எஸ்விஜி தர ஆவணமே இந்த வழியை அனுமதிக்கிறது. பல சிறு சீரற்ற விஷயங்களைக் கூட்டினால் மணி வடிவம் கிடைக்கும் என்ற புள்ளியியலின் புகழ்பெற்ற தேற்றம், ஒரு தலைப்பின் நிழலுக்கு அடியில் அமைதியாக உழைக்கிறது.

கடைசி வேலை, இருளைக் கலப்பது. ஃபோட்டோஷாப் இதற்குத் தொடக்கத்தில் தரும் முறை ‘மல்டிப்ளை’. அடியிலுள்ள நிறத்தை நிழலின் நிறத்தால் பெருக்கு, 255-ஆல் வகு. 200 என்ற வெளிச்சத்தின் மேல் 128 என்ற சாம்பல் நிழல் விழுந்தால் கிடைப்பது 100. அடியில் மரப்பலகையின் படம் இருந்தால் அதன் கோடுகள் நிழலுக்குள்ளும் தெரியும். நிஜ நிழலும் அடியில் உள்ளதை மறைப்பதில்லை, அதற்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. பெருக்கல் இந்த இயற்பியலை நேர்மையாகப் பின்பற்றுகிறது.

நிழல் கறுப்பாகத்தான் இருக்க வேண்டுமா? வெயிலில் விழும் நிழலுக்குள் சூரிய ஒளி வராவிட்டாலும் நீல வானத்தின் ஒளி வந்துகொண்டே இருக்கும். அதனால் வெளிப்புற நிழல்கள் நீலச் சாயல் கொண்டவை. லியனார்டோ டாவின்சி இதைக் கவனித்துக் குறித்திருக்கிறார். கவிஞர் கோத்தே 1810-ல் வெளியிட்ட நிறக் கோட்பாட்டு நூலில் நிற நிழல்களைப் பற்றி விரிவாக எழுதினார். பார்வை ஆய்வாளர்கள் பேட்ரிக் கவனாவும் இவான் லெக்லர்க்கும் 1989-ல் சோதித்தபோது ஒரு தெளிவான விதி கிடைத்தது: நிழலின் நிறம் எதுவாக இருந்தாலும் மூளை அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அது சுற்றியுள்ள பகுதியைவிட இருண்டதாக இருந்தே தீர வேண்டும். மஞ்சள் பின்னணியில் கருங்காவி நிழல் அழகாக அமர்வதற்கும், கறுப்புப் பின்னணியில் எந்த எண்ணை எவ்வளவு கூட்டினாலும் நிழல் தெரியாமலே போவதற்கும் காரணம் இதுவே. கறுப்பின் மேல் வெள்ளை ‘நிழல்’ வைத்தால் அது ஒளிவட்டம் ஆகிவிடும்; எழுத்து மின்னும், எழும்பாது.

கண் மன்னிக்கும் பிழையும் மன்னிக்காத பிழையும்

புகைப்படத்தில் வெளிச்சம் வலமிருந்து வருகிறது. அதன் மேல் வைத்த தலைப்பின் நிழலோ இடமிருந்து வரும் வெளிச்சத்துக்கு விழுகிறது. பார்ப்பவர் கண்டுபிடிப்பாரா? பெரும்பாலும் மாட்டார். யூரி ஆஸ்ட்ரோவ்ஸ்கி, கவனா, பவன் சின்ஹா ஆகியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு காட்சியில் வெளிச்சத்தின் திசை முரண்படுவதைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் வியக்கத்தக்க அளவு மந்தமானவர்கள் என்று காட்டியது. போலிப் புகைப்படங்களை ஆராயும் ஹானி ஃபரீத் போன்றவர்கள் நிழல்களைக் கண்ணால் மதிப்பிடாமல் வடிவியலால் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிழலின் ஒவ்வொரு புள்ளியையும் அதை உண்டாக்கிய பொருளின் புள்ளியோடு கோடு போட்டு இணைத்தால், எல்லாக் கோடுகளும் விளக்கில் போய்ச் சேர வேண்டும். கென்னடி கொலை வழக்கின் ஆஸ்வால்டு கொல்லைப்புறப் படத்தில் நிழல்கள் தவறாக இருப்பதாகப் பலர் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். ஃபரீத் 2009-ல் முப்பரிமாண மாதிரி செய்து பார்த்து, அந்த நிழல்கள் நடக்கக்கூடியவையே என்று காட்டினார்.

கீழே விழும் நிழலின் திசையில் கண் இவ்வளவு தாராளம் காட்டினாலும், எழுத்தைப் புடைக்க வைக்கும் ‘பெவல் அண்ட் எம்பாஸ்’ விளைவில் அந்தத் தாராளம் கிடையாது. அங்கே வெளிச்சம் எழுத்தின் மேலேயே விழுந்து ஓரங்களை வெளுப்பாகவும் கறுப்பாகவும் பிரிக்கிறது. அந்தக் கோணத்தைக் கீழிருந்து மேலாக மாற்றினால், புடைத்து நின்ற எழுத்து கல்லில் வெட்டிய எழுத்தாகக் குழிந்துவிடும். ராமச்சந்திரனின் முட்டையும் குழியும் இங்கே அப்படியே நடக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் ‘யூஸ் குளோபல் லைட்’ என்ற கட்டத்தைத் தட்டி வைத்தால் கோப்பில் உள்ள எல்லா விளைவுகளுக்கும் ஒரே கோணம் அமையும். நிழல் மட்டும் இடுபவருக்கு அது நல்ல பழக்கம்; எம்பாஸும் சேர்த்து இடுபவருக்கு அது கட்டாயம்.

நிழலுக்கு ஆழம் காட்டுவதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு, படிக்க வைப்பது. தூய மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்தை வைத்தால் இரண்டுக்கும் உள்ள வெளிச்ச விகிதம் 1.07-க்கு 1 மட்டுமே. இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5-க்கு 1. திரைப்பட வசன வரிகளுக்கு இது தினசரிப் பிரச்சினை. ஒரு காட்சியில் இருட்டு அறை, அடுத்த காட்சியில் வெள்ளைச் சுவர். அமெரிக்க டிஜிட்டல் தொலைக்காட்சியின் வசன வரித் தரத்தில் எழுத்தின் ஓரத்துக்குப் புடைப்பு, குழிவு, சீரான வெளிக்கோடு, நிழல் என்று பல தேர்வுகள் உள்ளன. இப்படிப்பட்ட இடங்களில் டிஸ்டன்ஸை 0 ஆக்கி, சைஸைக் கூட்டி, எழுத்தைச் சுற்றிலும் சமமாக இருளைப் பரப்புவதே நல்லது. திசை இல்லாத இந்த நிழல் எழுத்தைத் தூக்காது. பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுக்கும்.

அச்சுக்குப் போகும் வேலையில் எண்களை நம்பவே கூடாது. ஃபோட்டோஷாப்பின் பல பதிப்புகளில் தொடக்கத்தில் கிடைத்த 5 பிக்சல் தூரம், அங்குலத்துக்கு 72 பிக்சல் உள்ள கோப்பில் 1.76 மில்லிமீட்டர். அதே 5 பிக்சல், அங்குலத்துக்கு 300 பிக்சல் உள்ள பத்திரிகைக் கோப்பில் 0.42 மில்லிமீட்டர். திரையில் அழகாக இருந்த நிழல் அச்சில் காணாமல் போவதற்கு அச்சகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழ் எழுத்துக்கு நிழல் இடுபவர் இன்னும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்துச் சொல்லப்படும் அளவுகள் இங்கே அப்படியே பொருந்தா. தமிழில் ஒரு சிறு புள்ளி எழுத்தின் ஒலியையே மாற்றும். கூர்மையான, தள்ளி விழும் நிழல் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளியை வைத்துவிடும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி, நிழலின் சுழி பக்கத்தில் வந்து நின்றால் கண் தடுமாறும். மங்கலை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ ‘இ’, ‘ஐ’, ‘ஞ’ போன்ற நெருக்கமான எழுத்துகளின் உள்வெளி முழுக்க இருண்டு அடைத்துக்கொள்ளும். எனவே நிழலின் தூரம் எழுத்துக்கோட்டின் தடிப்பில் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மங்கல் அந்தத் தூரத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். ஒபாசிட்டியை 50-க்கோ 40-க்கோ குறைத்தால் எழுத்து மூச்சு விடும். மெல்லிய கோடு கொண்ட எழுத்துருவுக்கு நிழலே வேண்டாம். கோட்டைவிட நிழல் தடிப்பாகத் தெரிந்தால் வாசகர் நிழலைத்தான் படிக்க முயல்வார்.

இணையத்தில் போகும் தலைப்பாக இருந்தால் படமாக்காமல் எழுத்தாகவே விட்டுவிட்டு, சிஎஸ்எஸ் மொழியின் ‘டெக்ஸ்ட் ஷேடோ’வைப் பயன்படுத்துவது மேல். 1998-ல் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பிலேயே அது இருந்தது. 2003-ல் ஆப்பிளின் சஃபாரி உலாவி அதைச் செயல்படுத்தியது. மற்ற உலாவிகள் ஒவ்வொன்றாக வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. இப்போது வலப்பக்கத் தூரம், கீழ்ப்பக்கத் தூரம், மங்கல், நிறம் என்று ஒரே வரியில் முடிந்துவிடும். எழுத்து எழுத்தாகவே இருப்பதால் தேடுபொறி அதைப் படிக்கும். கண்பார்வை குறைந்தவருக்குத் திரைவாசிப்பு மென்பொருள் உரக்கப் படித்துக் காட்டும்.

வேலையை அனுப்புவதற்கு முன் படத்தைக் கைபேசியில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி ஒருமுறை பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றாகவே தெரிந்து, ‘ன’வும் ‘ண’வும் தனித்தனியாகப் படிக்க முடிந்தால் நிழலை வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் தூரத்தைக் குறையுங்கள்.